எத்தனை பெட்டி போடுவியள்? வன்னி ஒலிக்காரர் ஒருவரின் ஒரு வாரம்

வன்னியில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ சவுண்ட் பேச வருகிற ஆட்கள் முதலில் கேட்பது "எத்தனை பெட்டி போடுவியள்?" என்பதைத்தான். பேச்சு விளங்குமா, பாட்டில் சொல் தெளியுமா என்று கேட்டு வந்த ஒருவரையும் இந்த ஒரு வாரத்தில் நான் காணவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்கு இவ்வளவு, லைற்றுக்கு இவ்வளவு, ஜெனரேற்றருக்கு இவ்வளவு என்று பேரம் முடிந்துவிடும். ஆனால் நான் கூடத் திரிந்த ஆளின் உழைப்பில் பெரும்பகுதி இந்த மூன்றிலும் சேராத உழைப்பு. அது என்ன, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வு.

ஆள் கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் அண்ணை என்றே எழுதுகிறேன். ஆர்மோனியமும் ஓர்கனும் வாசிப்பார். ஒரு சின்ன சவுண்ட் செற், அதை ஏற்றி இறக்க பட்டா என்கிற ஒரு சின்ன லொறி, உதவிக்கு ஒரு பொடியன். வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு வைத்திருக்கிறார். அவரைவிடப் பெரிய செற் வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் தாராளமாக இருக்கிறார்கள். இருந்தும் கூத்துக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருக்கிற ஆச்சிக்குப் பாட்டின் சொல் விளங்க வேண்டும் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏன் என்று அறிய வயர் சுற்றுகிற ஆளாக நானும் ஏறிக்கொண்டேன்.

பின்னணி சுருக்கமாக. 1990களில் வன்னியில் மின்சாரம் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோ கேட்ட காலம் அது. கை தளர்ந்தால் சத்தமும் சுருங்கிப் போகும். அண்ணை அந்தக் காலத்துப் பொடியன். மாமா ஒருவர் காத்தவராயன் கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர், அவருக்குப் பின்னால் இருந்து சுருதி பிடித்துப் பழகியிருக்கிறார். 2009இல் ஆர்மோனியம் உட்பட எல்லாம் போனது, பிறகு மெனிக் பாம் முகாம், பிறகு மீள்குடியேற்றம். முதல் அம்ப்ளிபயரைப் பழுதான விலைக்கு வாங்கித் தானே திருத்தியிருக்கிறார். இதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் தோண்டவில்லை.

இடம் பார்க்கிற வேலை

திங்கட்கிழமை ஒரு அம்மன் கோயில். வெள்ளி இரவு அங்கே கூத்து. நான்கு நாள் இருக்கும்போதே அண்ணை வோல்ற் அளக்கிற மல்ரிமீற்றரையும் ஒரு நீள நாடாவையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார். இந்தப் போக்குவரத்துக்கு என்று கேட்டால் யாரும் காசு தருவதில்லை, எண்ணெய் அவர் போடுவது.

அங்கே போய் முதலில் பார்த்தது மேடையை இல்லை, பிளக் பொயின்றை. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற் என்பது கணக்கு. கம்பி கடைசியாக வந்து முடிகிற கிராமத்தில், பின்னேரம் எல்லா வீட்டிலும் லைற்றும் ரீவியும் ஓடுகிற நேரத்தில், மீற்றர் 190 காட்டியது. இந்த நிலையில் அம்ப்ளிபயருக்கு முழு வலு வராது. மேளம் அடிக்கிற கணத்தில் அது இழுக்கிற கரண்டுக்கு வோல்ற் இன்னும் இறங்கும், சத்தம் கரகரக்கும், ஆட்கள் உடனே "ஸ்பீக்கர் சரியில்லை" என்பார்கள். பெட்டியைக் கூட்டினால் இழுவையும் கூடும், கரகரப்பும் கூடும். ஆகவே வெள்ளிக்கு ஒலிக்கு மட்டும் தனி ஜெனரேற்றர், சோடனை லைற்றுக்குக் கோயில் மின்சாரம் என்று அங்கேயே முடிவாயிற்று. லைற்றையும் ஒலியையும் ஒரே கம்பியில் போட்டால் சீரியல் லைற் மின்னுகிற ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் கிறீச் என்று ஒரு சத்தம் வரக்கூடும். கோயில் திருவிழாக்களில் அதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது.

அடுத்தது காற்று. ஆனி மாதம், சோளகம், அதாவது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, வீசுகிறது. காற்றோடு போகிற ஒலி நிலத்தை நோக்கி வளைந்து தூரம் போகும், காற்றை எதிர்த்துப் போகிற ஒலி மேல்நோக்கி வளைந்து ஆட்களின் தலைக்கு மேலால் போய்விடும். கோயில் தலைவர் மேடையைத் தென்மேற்குப் பார்க்கப் போடுவதாகச் சொன்னார், அதாவது ஒலி நேராகக் காற்றின் முகத்தில் போய் அடிக்கும். அண்ணை அரைமணி நேரம் கதைத்து மேடையைத் திருப்ப வைத்தார். காற்று, வளைவு என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஐயா, இப்பிடிப் போட்டால் புழுதி எல்லாம் கூத்தாடுறவையின்ர கண்ணுக்குள்ள போகாது" என்றார். அது வேலை செய்தது.

பிறகு நாடா. மேடையிலிருந்து சனம் இருக்கப்போகிற பின்வரிசை வரை அளந்து, நடுவில் ஒரு வேப்பமரத்தடியைக் குறித்துக்கொண்டார். மேடையிலிருந்து அது 70 மீற்றர். இதன் கணக்கை வெள்ளியில் சொல்கிறேன்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வழமையான அனுமதி கிடையாது, விசேட சமய நிகழ்வு என்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் மட்டத்தில் தனியாகக் கேட்க வேண்டும். கூத்து விடிய விடிய நடப்பது. கடிதம் கோயில் நிர்வாகம் கொடுக்க வேண்டியது, ஆனால் எழுதிக் கொடுத்தது அண்ணை. அதற்கும் காசு இல்லை.

செவ்வாய் ஒரு அந்தியேட்டி வீடு, செத்தவருக்குக் கிரியை செய்கிற வீடு. தேவாரத்துக்கு ஒரு மைக், ஒரு பெட்டி, மதியத்துக்குள் முடிந்தது. அங்கே ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று அடியில் ஓர் இரைச்சல், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல். மைக் சத்தங்களைக் கலக்கிற மிக்சர் ஒரு அறையின் பிளக்கில், அம்ப்ளிபயர் விறாந்தைப் பிளக்கில், இரண்டு பாதையாலும் ஏர்த், அதாவது நிலத்துக்குப் போகிற கம்பி, போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. பொடியன் பிளக்கின் ஏர்த் காலைக் கழற்றப் போனான், இரைச்சல் உடனே நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். அண்ணை அந்த வாரம் முழுவதும் சத்தம் போட்டது அந்த ஒரு இடத்தில்தான். ஏர்த் இல்லாத கருவியில் கசிவு வந்தால் அது மைக் பிடித்திருக்கிற ஆளின் உடம்பு வழியாகத்தான் நிலத்துக்கு இறங்கும். இரண்டையும் ஒரே போர்ட்டில் குத்தினார், இரைச்சல் போய்விட்டது. இந்தக் காலைக் கழற்றுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணம், அதைத் திறமை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் பயங்கரக் கோபம் உண்டு.

ஒலிப்பதிவு இரவு

புதன் இரவு ஒரு பக்திப் பாட்டு. ஊர்க் கோயிலுக்காக சுவிசில் இருக்கிற ஒருவர் செய்விக்கிறார். வரிகள் வட்ஸ்அப்பில் வந்தன, மெட்டும் அவரே வாயால் பாடி அனுப்பியிருந்தார், அதில் பல்லவி ஒரு சுருதியிலும் சரணம் வேறொரு சுருதியிலும் இருந்தது. பாடுபவர் ஊரில் இருக்கிற ஒரு ஆசிரியை.

வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது, 550 சதுர அடி. அறை ஏறக்குறைய 3 மீற்றருக்கு 3 மீற்றர். சதுர அறை என்றால் ஒலிப்பதிவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், காரணம் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலி போய்வந்து ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் பெருகும். ஒலியின் வேகம் எங்கள் காலநிலையில் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர், அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் பிரித்தால் 58 ஹேர்ட்ஸ் வருகிறது. நீளமும் அகலமும் ஒன்றென்பதால் அந்த ஒரு இடத்திலேயே இரண்டு மடங்கு முழங்கும். சுவரில் பனையோலைப் பாய் அடித்திருக்கிறார், பார்க்க வடிவு, ஆனால் பாய் கீச்சுச் சத்தத்தை மட்டும்தான் கொஞ்சம் உறிஞ்சும். தாழ்ந்த ஒலிக்குத் தடிப்பான பொருள் வேண்டும். ஆகவே மூலைகளில் பஞ்சு மெத்தையும் நெல்லுச் சாக்கில் அடைத்த பழந்துணியும்.

பாடுகிற நேரத்தை முடிவு செய்வது அண்ணை இல்லை, ஊர். பகலில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், பின்னேரம் மயில், மழை என்றால் கூரையே மேளம் அடிக்கும். மின்விசிறியும் நிற்பாட்ட வேண்டும். இரவு பதினொன்றுக்குப் பிறகு, வியர்க்க வியர்க்க, அந்த அக்கா பாடினார். ஆறு வரியில் ஒரு வரி அவருக்குச் சரியாக வரவேயில்லை, மேல் சுரத்தில் குரல் ஒடுங்கியது. இதுவே வெறும் தொழில்நுட்பக்காரர் என்றால் கொம்பியூட்டரில் சுருதியைத் திருத்தியிருப்பார். அண்ணை ஓர்கனில் அரைச் சுரம் கீழே இறக்கி, இரண்டரைக் கட்டையிலிருந்து இரண்டுக்குக் கொண்டுவந்து, முழுப் பாட்டையும் திரும்ப எடுத்தார். விடியப்புறம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வரி இப்போது குரலாக இருக்கிறது.

தவில் நிசமானது, வித்துவான் வியாழன் வந்து வாசித்தார். தவிலின் வலது பக்கமான வலந்தலைக்கு ஒரு மைக், இடது பக்கமான தொப்பிக்கு ஒரு மைக். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது தொப்பியின் கனம் காணாமல் போயிருந்தது. ஒரு மைக்கில் அலை ஏறுகிற நேரம் மற்றதில் இறங்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். மிக்சரில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்புகிற பொத்தானை அமத்தியதும் அடி திரும்ப வந்தது. நாதஸ்வரத்துக்குக் காசு காணாது, ஓர்கனில் இருக்கிற நாதஸ்வரச் சத்தத்தைப் போடச் சொல்லி சுவிஸ்காரர் சொல்லியிருந்தார். அண்ணை மாட்டேன் என்றார். ஒரு கமகம் இல்லாத நாதஸ்வரம் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் மாதிரி என்பது அவர் கட்சி. புல்லாங்குழல் சத்தத்தை வைத்துச் சமாளித்தார், அது ஓரளவு பொருந்தியது, எனக்கு முழுத் திருப்தி இல்லை.

கூத்து

வெள்ளிதான் இந்த வாரத்தின் மையம். கூத்து மேடையில் நடிகர்கள் மைக்குக்கு முன்னால் நிற்கிற ஆட்கள் இல்லை. ஆடுவார்கள், சுற்றுவார்கள், வாள் வீசுவார்கள். அதனால் மேலே இருந்து தொங்குகிற மைக், இங்கே நான்கு. கூத்துக்காரர் அதன் கீழே வந்து பாட வேண்டும். சிக்கல் என்னவென்றால் திறந்திருக்கிற மைக் ஒவ்வொன்றும் ஸ்பீக்கரின் சத்தத்தையும் திரும்பப் பொறுக்கிக்கொள்ளும், அது சுற்றிச் சுற்றிப் பெருகி மைக் கூவத் தொடங்கும். திறந்த மைக் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவாமல் எடுக்கக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். நான்கையும் திறந்தே வைத்தால் ஒன்றோடு ஒப்பிட 6 டெசிபல் போய்விட்டது. பெரிய செற்காரர்கள் இங்கேதான் தோற்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடம் வலு இருக்கிறது, ஆனால் கூவுகிற எல்லைக்கு மேல் அந்த வலுவைத் திறக்க முடியாது.

அண்ணை என்ன செய்தார் என்றால், ஒரு நேரத்தில் ஒரு மைக்கை மட்டும் திறந்தார், அதிகம் போனால் இரண்டு. அதைச் செய்ய அடுத்து யார் எங்கே நின்று பாடுவார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியும். மாமாவுக்குப் பின்னால் இருந்து கேட்ட அதே காத்தவராயன் பாட்டுகள், எந்த அடி முடிந்தால் முத்துமாரி வருவா, எந்தத் தருவுக்கு, அதாவது எந்தக் கூத்துப் பாட்டுக்கு, நடிகர் மேடையின் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது கையிலேயே இருக்கிறது. நடிகர் மைக்கின் கீழே வந்து சேர முதலே விரல் அந்தப் பொத்தானை ஏற்றிவிடும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், முழு இரவும் அந்தக் கை ஆர்மோனியம் வாசிக்கிற கை மாதிரியே அசைந்தது. இதை மிக்சர் வாங்கினால் கூடக் கிடைக்கிற பொருளாக நான் எங்கும் பார்க்கவில்லை.

அந்த வேப்பமரத்தடி 70 மீற்றர். பின்வரிசைக்காக அங்கே இரண்டு பெட்டி வைத்தார். மேடை ஒலி அந்த இடத்துக்கு வந்து சேர 0.2 செக்கன் எடுக்கும். வயரில் போகிற சிக்னல் உடனே போய்விடும். அப்படியே விட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு மரத்தடிப் பெட்டி முதலில் பேசும், மேடை பிறகு பேசும், ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டு எதுவும் விளங்காது. எனவே மரத்தடிப் பெட்டியை 200 மில்லிசெக்கன் தாமதிக்க வைத்து, அதற்கு மேல் இன்னும் ஒரு 15 சேர்த்தார். அந்த 15 எதற்கு என்றால், முதலில் எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறதோ அந்தத் திசையிலிருந்துதான் எல்லாம் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1949இல் இதைத் தன் ஆய்வேட்டில் எழுதினார். ஆச்சிக்கு ஹாஸைத் தெரியாது, ஆனால் சத்தம் மரத்திலிருந்து வராமல் மேடையிலிருந்தே வருவதாக அவவுக்குப் பட்டது.

கோயில் தலைவர் நடுச்சாமத்தில் வந்து "தம்பி, இன்னும் ரெண்டு பெட்டி இருந்தால் நல்லா இருந்திருக்கும்" என்றார். பெட்டியையும் வலுவையும் இரட்டித்தாலும் கூடுவது சில டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வலு. அண்ணை இதை விளக்கவில்லை. "அடுத்த முறை பாப்பம் ஐயா" என்றார்.

இன்னொன்று. ஸ்பீக்கருக்குக் கிட்ட நின்று வேலை செய்கிற நேரமெல்லாம் அண்ணை காதில் பஞ்சு மாதிரி ஒரு அடைப்பான் வைத்திருப்பார். 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் நின்றால் செவிக்குக் கேடு என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சனம் அவர் போனில் பாட்டுக் கேட்பதாக நினைக்கிறது.

கலியாணமும் கணக்கும்

சனிக்கிழமை கலியாண மண்டபம். நித்திரை இல்லாமல் போனோம். மாபிள் தரை, நாலு பக்கமும் மொட்டைச் சுவர், கை தட்டினால் இரண்டு செக்கன் முழங்குகிறது. இப்படி இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்து கூடும், தெளிவு ஒரு துளியும் கூடாது. பெட்டிகளைத் தாழ்வாக, சனத்தின் பக்கம் சரித்து வைத்தார், ஆட்களின் உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்காக. தவிலுக்கு மைக்கே தேவையில்லை, கெட்டிமேளம் அந்த மண்டபத்தை அதுவாகவே நிரப்பிவிடும். ஆனாலும் ஒரு மைக் வைத்தார், அது ஸ்பீக்கருக்குப் போகாமல் வீடியோக்காரரின் கமெராவுக்கு மட்டும் போனது. இல்லாவிட்டால் தாலி கட்டுகிற காட்சியில் மேளம் எங்கோ பக்கத்து வீட்டில் அடிப்பது போல இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு முக்கியம் அந்த வீடியோதானே.

ஞாயிறு பாட்டை முடித்து அனுப்பினார். சுவிசிலிருந்து உடனே பதில்: "சத்தம் காணாது." யூரியூப்பில் உரப்புக்கு ஏறத்தாழ -14 என்று ஓர் அளவு இருக்கிறது, பாட்டின் ஏற்ற இறக்கத்தை நசுக்கி அதற்கு மேலே உரப்பாக அனுப்பினால் அது இறக்கி வைக்கும், நசுங்கினது மட்டும் மிச்சம். அண்ணை சண்டை பிடிக்கவில்லை. இரண்டு விதமாகச் செய்து கொடுத்தார். போனில் கேட்க ஒன்று. கோயில் குழாயில் போட மற்றது. குழாய் ஸ்பீக்கரில் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது, ஆகவே அடிச் சத்தத்தை வெட்டிவிட்டு, இடம் வலம் இல்லாமல் ஒரே பாதையாக்கி, குரலை முன்னுக்கு எடுத்தார். வீட்டு முற்றத்தில் பழைய குழாய் ஒன்றைக் கட்டிப் போட்டுக் கேட்டோம், பக்கத்து வீட்டு அம்மா வேலியால் எட்டிப் பார்த்து "ஆர் அண்ணை பாடுறது, நல்லா விளங்குது" என்றா.

பின்னேரம் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். பெட்டி வாடகைதான் வாரத்தின் வருமானத்தில் மிகப் பெரிய பகுதி. ஒலிப்பதிவு, இரண்டு இரவு விழித்த கூலியோடு சேர்த்துப் பார்த்தால், கிட்டத்தட்ட கைக்காசு. இடம் பார்த்தது, மேடையைத் திருப்பியது, மின்சாரம் அளந்தது, கூத்தின் அடி தெரிந்து விரல் அசைந்தது எதற்கும் அந்தப் பெயரில் கொப்பியில் வரி இல்லை. எனக்கு இதுதான் இந்த ஆய்வின் முக்கிய முடிவு: அவருடைய ஒலி நல்லாக இருப்பதற்கான காரணங்களும் அவருக்குக் காசு வருகிற காரணங்களும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. அவர் இன்னும் நான்கு பெட்டி வாங்கினால் வருமானம் கூடும், பட்டாவில் இடம் காணாது, ஜெனரேற்றர் பெரிதாக வேண்டும், கடன் வரும், இடம் பார்க்கிற நேரம் போய்விடும். பெரிய செற்காரர்கள் சிலர் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் கண்டுபிடித்த வழி வேறு. இந்த வருடம் தொடக்கம் பில்லில் "மின் பாதுகாப்பு வேலை" என்று ஒரு புது வரி போடுகிறார். இடம் பார்க்கப் போகிற எண்ணெய்க் காசு, அளவு எடுக்கிற நேரம், தனிப் போர்ட் கட்டுகிற கூலி எல்லாம் அதற்குள். "நல்ல சத்தம்" என்று ஒரு வரி போட்டால் ஒருவரும் தரமாட்டார்கள், ஆனால் கரண்டுக்கு எல்லாருக்கும் பயம். அடுத்த திங்கள் காலை கோயில் தலைவர் காசு கொடுக்க வந்தார். பெட்டி வாடகையில் பேரம் பேசி ஒரு தொகையைக் குறைத்தார், லைற்றில் குறைத்தார், ஜெனரேற்றருக்கு எண்ணெய் எவ்வளவு போனது என்று இரண்டு தரம் கேட்டார். மின் பாதுகாப்பு வரியைத் தொடாமல் கையெழுத்து வைத்துவிட்டு, அடுத்த வருடத்துக்கு எட்டுப் பெட்டி போடச் சொல்லிவிட்டுப் போனார்.